கவச உடை கழற்றும் அறை வாசலில் நின்ற அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

இந்த மாதக் கடைசியோடு எனக்குப் பணி ஓய்வு. வழியனுப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு வாயே வராது என்று வார்டுக்கே தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன். முப்பது வருட நர்ஸ் வேலையில் நன்றிக்கடன் நிறைய உண்டு. இந்த மடல் 2021 கோடையில், சேலத்தில், கொரோனா வார்டில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும்.

முதலில் துப்புரவுப் பணி பார்த்த அக்காவுக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி. கவச உடையைப் போடும்போது இல்லாத ஆபத்து கழற்றும்போது இருக்கிறது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆறு மணி நேரம் வியர்வையில் ஊறி, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெளியே வருகிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? முகத்தில் இருப்பதைப் பிய்த்து எறியத்தான் கை போகும். நீங்கள் வாசலில் மாப் கட்டையோடு நிற்பீர்கள். "சிஸ்டர், கை மூஞ்சிக்குப் போகுது பாருங்க! மொதல்ல கிளவுஸ். கை கழுவுங்க. அப்புறம் கவுன்." கவுனின் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டச் சொல்வீர்கள். திரும்பக் கை கழுவல், பிறகு கண்ணாடி. அறையை விட்டு வெளியே வந்த பின்தான் மாஸ்க், அதுவும் நாடாவைப் பிடித்து. முன்பக்கம் விரல் பட்டால் திட்டு. பெரிய டாக்டரும் ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் கழற்றிப் போட்டதையெல்லாம் இரட்டைப் பைகளில் கட்டித் தூக்கியதும் நீங்கள்தான். எங்களுக்குக் கை தட்டினார்கள், பூ தூவினார்கள். உங்களை யாரும் அந்த வரிசையில் நிறுத்தவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

சேலம் குகைப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. எங்களுக்கு வந்த என்95 மாஸ்க் காதில் மாட்டும் வகை. முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் நுண்துகளில் 95 சதவீதத்தை வடிகட்டும் என்ற கணக்கெல்லாம். மூக்கோரம் துளி இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போய்வரும். நீங்கள் நாலு விரல் நீளத் துணிப்பட்டையில் இரண்டு முனையிலும் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தீர்கள். அதைப் பின்னந்தலையில் வைத்து நாடாக்களைப் பொத்தானில் மாட்டினோம். காதுப் புண் ஆறியது, மாஸ்க்கும் இறுகியது. நாற்பது பட்டைக்கும் காசு வாங்கவில்லை. "என் சம்சாரத்துக்குப் பிரசவம் பார்த்தது நீங்கதானுங்களே" என்றீர்கள்.

எலக்ட்ரீசியன் தம்பிக்கு. சளி உறிஞ்சும்போதும், தொண்டையில் குழாய் போடும்போதும் நுண்துளிகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். துருப்பிடித்த ஜன்னல் கொக்கிகளைச் சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டு, காற்றை வெளியே தள்ளும் விசிறியும் மாட்டினாய். அதில் வந்த சத்தத்துக்கு உன்னைத் திட்டியதற்கு மன்னிப்பு.

இவ்வளவுக்கும் அப்புறம் எனக்குத் தொற்று வந்தது. நோயாளியிடமிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை. ஜன்னல் இல்லாத ஓய்வறையில் நாலு பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு தட்டுவடை செட் சாப்பிட்டோம். சில நாளில் மூன்று பேருக்குக் காய்ச்சல். கட்டிலில் கிடப்பவரிடம் இருந்த பயம் நம்ம ஆளிடம் இல்லாமல் போனது. இரண்டு ஊசியும் முன்பே போட்டிருந்ததால் ஆக்சிஜன் வரை போகாமல் தப்பித்தேன் என்றுதான் இன்றும் நம்புகிறேன். 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு மதிப்பிட்டது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மே மாதத்தில்தான் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்டார்கள். எங்களில் சிலர் அங்கே போக, மிச்சமிருந்த பிள்ளைகள் என் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தீர்கள். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கடைசியாக ஏற்காட்டுத் தங்கச்சிக்கு. எனக்கு வாசனையே தெரியாமல் போனதும், உங்கள் வீட்டில் வறுத்து அரைத்த காபித்தூளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாய். "குடிக்க இல்லக்கா, காலையில சாயந்தரம் மோந்து பாருங்க." பதினேழாம் நாள் காலை, எங்கோ தூரத்தில் யாரோ அடுப்பு மூட்டுவது போல லேசாக வந்தது. பாட்டில் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
உங்கள் வார்டு சிஸ்டர், சேலம்