தொங்கும் வாளியில் தக்காளி

பாளையங்கோட்டை,
ஆடி 3

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் வாய்க்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்து கொடு. உன் முழங்கால் வலி தேவலையா? ஆனித் தேரோட்டத்துக்கு நீ வராதது எனக்குப் பெரிய குறை. இந்த வருஷம் வெயிலைவிடக் காற்றுதான் ஆளைத் தள்ளியது.

தொங்கும் வாளியில் தக்காளி வளர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆலங்குளத்தில் இருந்துகொண்டு வாளியில் தக்காளியா என்று அண்ணன் கேட்கிறாராமே! விலை விழுந்தால் சாலையோரம் கொட்டுகிற ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தைக்கு வருவதெல்லாம் வண்டியில் நசுங்காமல் இருக்கச் செங்காயாகப் பறித்தவை. செடியிலேயே சிவந்து, காம்பைத் தொட்டதும் கையோடு வருகிற பழத்தை ரசத்தில் பிசைந்து போட்டுப் பார்க்கச் சொல். முற்றத்தில் வைத்தால் மயில் விடாது என்கிறாய். அப்படியென்றால் வராந்தாவில் கம்பி போட்ட பக்கத்தில் தொங்கவிடுவதே சரி.

உன் மகன் காட்டிய படத்தில் இருப்பதுபோல வாளியின் அடியில் ஓட்டை போட்டு, அதன் வழியாகச் செடியைத் தலைகீழாக மட்டும் தொங்கவிடாதே. நான் ஒரு வாளியில் அப்படியும் பக்கத்து வாளியில் நேராகவும் வைத்து இரண்டையும் கவனித்துவந்தேன். தலைகீழாக வைத்த செடி ஒரு நாள்கூடச் சும்மா தொங்கவில்லை. நுனி வெளிச்சத்தைத் தேடி வளைந்து வளைந்து, தண்டே கொக்கி மாதிரி மேலே திரும்பிவிட்டது. அதன்மேல் காய் பிடித்ததும் கனம் கீழே இழுக்கிறது, செடியோ மேலே போகப் பார்க்கிறது. வளைவில் தோல் வெடித்து நார் தெரிந்தது. ஊற்றும் தண்ணீர் வேறு தண்டு வழியாக இறங்கி இலையை நனைக்கிறது. நனைந்த இலையில் கருகல் நோய் வரத் தாமதமாகாது.

இன்னொன்றும் உண்டு. தக்காளித் தண்டைக் கண்ணருகே வைத்துப் பார், பொடிப்பொடியாக முண்டு தெரியும். மண்ணுக்குள் போனால் அத்தனையும் வேர்விடும். அதனால் நேராக நடும்போது அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதிக்குமேல் புதைப்பேன். தலைகீழாக வைத்தால் அது அவ்வளவு எளிதில்லை.

தொங்கவிடக் கோலிக்குண்டு மாதிரி சின்னதாகக் காய்க்கிற செர்ரித் தக்காளிதான் நல்லது. கிளைகள் தாமாகவே விளிம்பில் சரிந்து இறங்கும். நாட்டுத் தக்காளிப் புளிப்புத்தான் வேண்டுமென்றால் பி.கே.எம். 1 வாங்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது. உயரம் போகாது, ஆனாலும் அதற்குப் பெரிய வாளி வேண்டும்.

மண்ணை மட்டும் நிரப்பினால் கனம் தாங்காது. செம்மண், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, கூட ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. அப்படியும் 10 லிட்டர் வாளி நனைந்தால் பத்துக் கிலோவை நெருங்கும். துணி காயப்போடுகிற ஆணியில் மாட்டிவிடாதே. கொத்தனாரைக் கூப்பிட்டு மேல்தளத்தில் இரும்புக் கொக்கி அடிக்கச் சொல். அதில் காசு பார்க்காதே, கீழே குழந்தை விளையாடப்போகிற வீடு.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் முக்கியம், கோமதி. தரையில் இருக்கிற தொட்டியைப்போல் நினைத்துவிடாதே. தொங்குவதற்கு நாலு பக்கமும் காற்று. இந்த ஆடிக் காற்றில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையும் மாலையும் ஊற்று. நடுவில் விரலை உள்ளே விட்டுப் பார். மேலே தேங்காய் நாரைப் பரப்பி வை. கீழே ஒரு புதினாத் தொட்டி வைத்தால் வடிகிற தண்ணீரும் வீணாகாது. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பழத்தின் அடி கறுத்துத் தோல்போல அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் தண்ணீர் சீராக இல்லாததால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருகிற அழுகல் அது. முட்டை ஓடு போடு என்பார்கள். ஓடு கரைய எத்தனை மாதம் ஆகும்! தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய் நன்றாக வரும்.

கிழக்கு வெயில் விழுகிற இடமாகப் பார். ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். பூ கொட்டுகிறது என்று பயப்படாதே. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், சித்திரையில் நம் பக்கம் அதுதான் நடக்கிறது. ஆவணியில் நட்டால் அந்தத் தொல்லை குறைவு. வராந்தாவுக்குள் காற்று வராத நாளில், காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடு. மஞ்சள் தூள் உதிர்வது வெளிச்சத்தில் தெரியும். ஒரே பூவிலேயே ஆணும் பெண்ணும் இருப்பதால் அவ்வளவே போதும். ஐப்பசி மழை பலக்கும்போது வாளியைக் கழற்றி உள்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். தரைச் செடிக்கு அது முடியுமா?

ஆனியில் விதைத்த செர்ரி நாற்று இங்கே நாலு இலை விட்டு நிற்கிறது. ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போய்விட்டு மறுநாள் உன் வீட்டுக்கு வருகிறேன், நாற்றோடு. அதற்குள் கொக்கியை அடித்து வைக்கச் சொல் அண்ணனிடம்.

அன்புடன்,
காந்திமதி