குளிர்நீரில் சுழியோடுவோரின் கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தில் நீர் நிறைந்த சில்ஃப்ரா என்னும் நிலப்பிளவில் சுழியோடுவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 100 மீட்டர் தொலைவுக்கும் பார்வை செல்லும் அந்நீரின் தெளிவை அழகாகச் சொன்ன கட்டுரையாளர், ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகை செல்சியஸ் வரையே இருக்கும் அதன் குளிருக்குத் ‘தடித்த கையுறை போதும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பது, நோர்வேயின் மேற்குக் கரையில் பல குளிர்காலங்களாகச் சுழியோடி வரும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரையாலான கையுறைக்குக் கதகதப்பைத் தருபவை அதனுள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகளே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும்போது அவை நசுங்குவதால், கரையில் தடிப்பாக இருந்த கையுறை அங்கே மெலிந்துவிடுகிறது. மேலும், உடல் குளிரும்போது முதலில் கைவிடுவது கைகளைத்தான்: நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தை அது குறைத்துக்கொள்கிறது. எனவே விரல்கள் விறைத்தால், நீர்புகாச் சுழியோடி உடைக்குள் அணிந்த கம்பளி உடையும் தலையுறையும் போதுமானவையா என்பதையும் பார்க்க வேண்டும். தடிப்பை நம்பி இறுக்கமான கையுறையை மாட்டுவது, இருக்கிற இரத்த ஓட்டத்தையும் தடுப்பதாகும். படகில் வெறுங்கையோடு காற்றுத் தொட்டியைப் பூட்டி, ஏற்கெனவே விறைத்த விரல்களோடு இறங்குபவருக்கு நீருக்குள் சூடு திரும்பி வரப்போவதில்லை. இறங்குவதற்குச் சற்று முன்னர் குடுவையிலிருந்து இளஞ்சூடான நீரைக் கையுறைக்குள் ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம்.

அந்த உடையின் மணிக்கட்டு வளையத்தில் பூட்டும் நீர்புகாக் கையுறை, உள்ளே கம்பளியோடு அணிந்தால், இவை எல்லாவற்றிலும் மேலானது. ஆயினும் உடைக்குள் இருக்கும் காற்று கைக்கும் வந்து சேருமாறு நீரைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கு அடியில் ஒரு சிறு குழாயைச் செருகாவிட்டால், ஆழத்தில் கையுறை தோலைக் கவ்விப் பிடிக்கும். செருகினாலோ, கையுறை கிழிந்த அன்று நீர் அவ்வழியே உடைக்குள்ளும் ஏறும். மின்கலத்தால் சூடேறும் கையுறைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழத்தில் சூடாக இருந்து, மேலேறும்போது மின்கலம் தீர்ந்து குளிர்ந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகி, அது உடலுக்குள் குமிழிகளாகும் அழுத்தத் தளர்வு நோய்க்கான வாய்ப்புக் கூடும்.

விறைத்த கையைச் சிறு அசௌகரியமாகக் கருதுவதுதான் பெரிய பிழை. மிகக் குளிர்ந்த நீரில் சுவாசக் கருவி உறைந்து காற்றைக் கட்டுக்கடங்காமல் கொட்டும்போது, தொட்டியின் திருகை மூடுவதற்கு விரல்கள் வேண்டும். நீருக்குள் அமிழ்வதற்காகக் கட்டிய எடைப்பட்டியின் கொக்கியைக் கழற்றவும் வேண்டும். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாத கணத்தில், தொட்டியில் எவ்வளவு காற்று மிஞ்சியிருந்தாலும் நான் துணைவருக்குச் சைகை காட்டி மேலேறிவிடுவேன். கரைக்கு வந்ததும் கொதிநீரில் கைகளை அமிழ்த்தும் ஆசை எழும். மரத்துப்போன தோலுக்குச் சூடு உறைக்காது என்பதால், முதலில் வேறொருவர் அந்நீரைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பேர்கன், நோர்வே