காட்ஸில்லாவுக்கு ஒரு வில்லன் வேண்டும்

காட்ஸில்லா என்ற ராட்சத விலங்கின் படங்களை எடுத்துவரும் ஜப்பானின் தோஹோ நிறுவனத் தயாரிப்பாளர்களுக்கும், காட்ஸில்லாவின் அடுத்தடுத்த கதைகளை எழுதப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

காட்ஸில்லா வில்லன் அல்ல என்று வாதாடுவதில் உலகெங்கும் உள்ள ரசிகர்கள் ஏராளமான நேரத்தைச் செலவழித்திருக்கிறார்கள். மொழிமாற்றப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகர்களும் அதற்கு விலக்கல்லர். அது இயற்கையின் சீற்றம், பூமியின் காவல் தெய்வம், மனிதன் செய்த பாவத்தின் சம்பளம் என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறோம். அந்த வாதத்தில் ரசிகர்கள் ஏறக்குறைய வென்றுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் அண்மைக்கால அமெரிக்கப் படங்களில் காட்ஸில்லா கதாநாயகனுக்குரிய எல்லா மரியாதையோடும்தான் திரையில் நுழைகிறது. ஆனால், அது வில்லன் இல்லையென்றால் வேறு யார் வில்லன் என்ற கேள்விக்கு உங்கள் தொடக்ககாலப் படங்களில் இருந்த பதில், காலம் செல்லச் செல்ல மங்கிக்கொண்டே வருகிறது. அந்தப் பதிலை மீட்டுத் தாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளிலுள்ள பிகினி பவளத் தீவில் அமெரிக்கா வெடித்த 'காசில் பிராவோ' ஹைட்ரஜன் குண்டு, அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு வலிமையோடு, 15 மெகா டன் அளவுக்கு வெடித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த, யாய்சு துறைமுகத்தைச் சேர்ந்த ஃபுகுரியு மாரு என்ற படகின் மீது வெண்சாம்பல் மழையாகப் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வானொலி இயக்குநரான குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அந்தப் படகு அபாய எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். குபோயாமா இறந்து ஆறு வாரங்கூட ஆகாத நிலையில், நவம்பர் 3 அன்று, இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் காட்ஸில்லா படத்தை நீங்கள் வெளியிட்டீர்கள். திடீரென ஒளி படர்ந்து ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்குவதோடு அது தொடங்கியபோது, அன்றைய ஜப்பானியப் பார்வையாளர்களில் எவருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அந்தப் படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது டோக்கியோ எரியும் இரவைத்தான். எனக்கோ அதற்கு முன்பு வரும் நாடாளுமன்றக் காட்சிதான் படத்தின் உயிர்நிலை. இந்த உயிரினம் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளப்பிவிடப்பட்டது என்று பேராசிரியர் யமானே அறிக்கை தருகிறார். உடனே ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, இதை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும், மக்கள் பீதியடைவார்கள், ஆகவே இதை மறைத்துவைக்க வேண்டும் என்கிறார். எதிர்வரிசையில் இருக்கும் பெண் உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, உண்மை உண்மைதான், அதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று கூச்சலிடுகிறார்கள், சபை சந்தைக்கடையாகிறது. விலங்கைக் கொல்வது எப்படி என்பதற்கு முன்பாகவே, அது எங்கிருந்து வந்தது என்பதை ஊரறியச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாட்டின் சபை அடித்துக்கொள்கிறது. ராட்சத விலங்குகள் வரும் வேறெந்தப் படத்திலும் இதற்கு நிகரான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் அமெரிக்க நடிகரை இடையில் செருகி அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பில், குண்டைப் பற்றிய பேச்சு தேய்ந்தது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று யமானே கடைசியில் தரும் எச்சரிக்கையும் காணாமல் போயிற்று. வில்லனைக் கதையிலிருந்து நீக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

எனினும் அடுத்த சில ஆண்டுகளில் நீங்களே அந்த வில்லனைக் கோட்டு சூட்டோடு திரும்ப அழைத்துவந்தீர்கள். ராட்சத அந்துப்பூச்சியான மோத்ராவும் காட்ஸில்லாவும் மோதும் 1964ஆம் ஆண்டுப் படத்தில், புயலுக்குப் பின் கரையொதுங்கும் மோத்ராவின் ராட்சத முட்டையைக் குமாயாமா என்ற வியாபாரி மீனவர்களிடமிருந்து விலைக்கு வாங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த முட்டை எத்தனை கோழி முட்டைக்குச் சமம், கோழி முட்டையின் மொத்த விலை என்ன என்று கணக்குப் போட்டு அவர் பணம் கொடுக்கிறார். ஓர் உயிரின் குஞ்சு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே பெருக்கல் கணக்கு நடக்கிறது. பிறகு அவருக்குப் பின்னால் இருக்கும் பணமுதலை டொராஹாட்டா வருகிறார், முட்டையைச் சுற்றிக் கேளிக்கைப் பூங்கா எழுப்பத் திட்டம் போடுகிறார்கள், முட்டையைத் திருப்பிக் கேட்டு வரும் குட்டித் தேவதைகளையே விலைபேசப் பார்க்கிறார்கள். கடைசியில் விடுதி அறையில் பணத்துக்காக இருவரும் கட்டிப் புரள, சன்னலுக்கு வெளியே காட்ஸில்லா வந்து நிற்கிறது. அவர்கள் கோமாளிகள்தான், ஆனாலும் முகமும் பெயரும் முதலீடும் உள்ள கோமாளிகள். இயற்கையை விலைபேசியவர் யார் என்று படம் முடிந்து வெளியே வரும் சிறுவனைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவான்.

அதே அளவுகோலை ரசிகர்கள் கொண்டாடும் இன்னொரு படத்துக்கும் வைத்துப் பார்க்கிறேன். 1971 ஜூலை 24 அன்று வெளிவந்த, யோஷிமிட்சு பன்னோ இயக்கிய, மாசில் வளர்ந்த ஹெடோரா என்ற விலங்கின் கதை உங்கள் வரிசையிலேயே மிகத் துணிச்சலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. (காட்ஸில்லா தன் நெருப்பு மூச்சை முன்னே ஊதி, பின்பக்கமாக வானத்தில் பறக்கும் காட்சியை நாங்கள் எப்போதோ மன்னித்துவிட்டோம்.) கழிவுச் சேறு மண்டிய கடலில் பொம்மையும் கடிகாரமும் மிதக்க, சூரியனைத் திருப்பிக் கொடு என்று ஒரு பெண் பாடுவதோடு தொடங்கும் அந்தப் படத்தில், ஹெடோரா ஆலைப் புகைபோக்கியின் வாயில் முகத்தை வைத்துச் சுருட்டுக் குடிப்பதுபோலப் புகையை உறிஞ்சுகிறது. அது பறந்து செல்லும் வழியில் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுகிறார்கள். முந்தைய ஆண்டு கோடையில் டோக்கியோவின் பள்ளி மைதானமொன்றில் மாணவிகள் ஒளிவேதிப் புகைமூட்டத்தால் மெய்யாகவே சுருண்டு விழுந்திருந்தார்கள். ஹெடோராவுடனான சண்டை முடிந்ததும் காட்ஸில்லா திரும்பி மனிதர்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போகிறது. அந்த முறைப்புக்காகவே இப்படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இருந்தும் அந்தப் புகைபோக்கி யாருடையது என்பதை மட்டும் படம் சொல்லவில்லை. காட்ஸில்லா முறைப்பது ஒட்டுமொத்த மனித குலத்தை. சேற்றில் சிக்கிய மீனவரையும், சேற்றைக் கடலில் கொட்டிய ஆலை அதிபரையும் அதன் பார்வை ஒரே தட்டில் வைக்கிறது. திரையரங்குக்கு வெளியே இருந்த ஜப்பானோ அப்படி மழுப்பலாக இருக்கவில்லை. யொக்காய்ச்சி நகரில் பெட்ரோலிய ஆலைகளின் புகையால் ஆஸ்துமாவுக்கு ஆளான ஒன்பது பேர் 1967இல் ஆறு நிறுவனங்களைப் பெயர் சொல்லி நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். ஹெடோரா வெளியாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 1972 ஜூலை 24 அன்று, அந்த ஆறு நிறுவனங்களும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. மினமாட்டாவிலும் மக்கள் கடலைக் குற்றம் சாட்டவில்லை. பாதரசத்தைக் கடலில் விட்ட சிஸ்ஸோ நிறுவனத்தின் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். நோயாளிகள் நீதிமன்றத்தில் சொல்லத் துணிந்ததை உங்கள் கதை சொல்லத் தயங்கியது. அந்தத் தயக்கம் பன்னோவின் பிழையென்று நான் கருதவில்லை. இவ்வளவு தூரம் போனதற்கே அவர் மூத்த தயாரிப்பாளர் டனாக்காவின் கோபத்துக்கு ஆளானார் என்பது எல்லோரும் அறிந்த கதை.

மனிதன் இயற்கைக்குத் தீங்கு செய்தான், இயற்கை திருப்பி அடிக்கிறது என்ற வாய்பாடு கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்த 'மனிதன்' என்ற பொதுப்பெயருக்குள் குண்டைப் போட்டவனும் சாம்பலில் நனைந்தவனும் ஒன்றாக அடைக்கப்பட்டுவிடுகிறார்கள். எல்லோரும் குற்றவாளி என்றாகும்போது யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அடிவாங்குவதும் எப்போதும் மீனவர் குடியிருப்பும் நகரத்தின் நெரிசலான தெருவுமாகவே இருக்கின்றன. உங்கள் விலங்கு உண்மையில் இயற்கையும் அல்ல. அதன் தோலைக் குண்டுவெடிப்பில் வெந்து பிழைத்தவர்களின் தழும்பைப்போல வடிவமைத்தவர்கள் உங்கள் கலைஞர்கள்தாம். வெந்த தோலோடு ஓர் உயிர் கரையேறுகிறதென்றால் அதைச் சுட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும்.

நீங்கள் உரிமம் வழங்கி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவற்றைக் கைதட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ராட்சதக் குரங்கான காங்குடன் சண்டையிட்டால் யார் வெல்வார் என்ற பட்டிமன்றங்களிலும் பேசியிருக்கிறேன். ஆனால் 2014ஆம் ஆண்டுப் படம், பசிபிக்கில் நடந்தவை சோதனைகளே அல்ல, காட்ஸில்லாவைக் கொல்ல எடுக்கப்பட்ட முயற்சிகள் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறது. ஒரு நாட்டின் மீனவர்களையும் இன்னொரு மக்களின் தீவுகளையும் நாசமாக்கிய வெடிப்புகள், ஒரே வசனத்தில் தற்காப்பு நடவடிக்கைகளாகிவிடுகின்றன. 2019ஆம் ஆண்டுப் படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1954இல் விஞ்ஞானி செரிசாவா, தான் கண்டுபிடித்த ஆயுதம் எந்த அரசின் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகத் தன் குறிப்புகளையெல்லாம் எரித்துவிட்டு, அந்த ஆயுதத்தோடு கடலடியில் உயிர்விட்டார். அதே குடும்பப் பெயர் தாங்கிய இன்னொரு செரிசாவா, 2019இல் அணுகுண்டைத் தன் கையாலேயே கொண்டுபோய் வெடிக்கவைத்துக் காட்ஸில்லாவுக்கு உயிரூட்டுகிறார். பின்னணியில் இசை உருகுகிறது. குண்டு மருந்தாகிவிட்டது. உங்கள் கையெழுத்து இல்லாமல் இந்தப் பெயர்களை எவரும் பயன்படுத்தியிருக்க முடியாது என்பதால்தான் இதை ஹாலிவுட்டுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்மையில் நீங்களே எடுத்த இரு படங்களில் வேறு வகை நேர்மை இருக்கிறது. ஹிடேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய 2016ஆம் ஆண்டுப் படத்தில், கடலில் கொட்டப்பட்ட அணுக்கழிவைத் தின்று வளர்ந்த விலங்கு நகருக்குள் புகும்போது, அமைச்சர்கள் ஒரு கூட்ட அறையிலிருந்து இன்னொரு கூட்ட அறைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். விழுந்து கிடக்கும் காட்ஸில்லாவின் வாய்க்குள் கான்கிரீட் பம்பு லாரிகள் குழாய் நீட்டி உறைய வைக்கும் திரவத்தைச் செலுத்தும் காட்சியைக் கண்டவர்களுக்கு, 2011இல் ஃபுகுஷிமாவின் விபத்துக்குள்ளான அணு உலைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிய அதேவகை லாரிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. கழிவைக் கொட்டச் சொன்னவர் யார் என்பது அங்கும் ஒரு வரியில் முடிந்துவிட்டாலும், அலட்சியத்துக்கு நாற்காலியும் பதவிப் பெயரும் கிடைத்தன. தகாஷி யமசாக்கியின் 2023ஆம் ஆண்டுப் படம், காட்ஸில்லா வரிசைக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. தற்கொலைப் படை விமானியாக அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவனின் குற்றவுணர்வை அது சொன்ன விதத்தில் நான் கலங்கியிருக்கிறேன். அதிலும்கூட, காட்ஸில்லாவை உருமாற்றும் 1946ஆம் ஆண்டுப் பிகினி வெடிப்பு சில நொடிகளில் மின்னி மறைகிறது.

அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு முழுப் படம் இருக்கிறது. 1946க்கும் 1958க்கும் இடையே மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. காசில் பிராவோவின் சாம்பல் ராங்கெலாப் தீவிலும் விழுந்தது; அது என்னவென்று அறியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அம்மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1957இல் திரும்பலாம் என்று சொல்லிக் குடியேற்றப்பட்டு, நோயும் அச்சமும் தாளாமல் 1985இல் தாங்களாகவே தீவை விட்டு வெளியேறினார்கள். அதே தீவுக்கூட்டத்தின் எனிவெடாக்கில் ஒரு குண்டு தோண்டிய பள்ளத்தில் கதிரியக்கக் கழிவைக் கொட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். அடியில் தளம் கிடையாது. காட்ஸில்லா பிறந்த கடல் அவர்களுடையது. எனினும் உங்கள் படங்களில் தீவுவாசிகள் என்று வந்தவர்கள், 1961ஆம் ஆண்டின் மோத்ரா படத்திலும் அதைத் தொடர்ந்த சில படங்களிலும் உடலில் சாயம் பூசி ஆடிய ஜப்பானிய நடிகர்கள்தாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அடுத்து எழுதும் கதையொன்றிலாவது மார்ஷல் மக்களை அவர்களுடைய மொழியோடும் அவர்களுடைய நடிகர்களோடும் நடுவில் நிறுத்துங்கள். சோதனைக்கு நாள் குறித்தவரும், மக்கள் திரும்பலாம் என்று கையெழுத்திட்டவரும் முகமுள்ள பாத்திரங்களாக வரட்டும். அவர்கள் கொடூரர்களாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மகளை இழந்த துயரத்தில் ரோஜாச் செடிக்குள் காட்ஸில்லாவின் உயிரணுவைக் கலந்த 1989ஆம் ஆண்டின் விஞ்ஞானி ஷிராகாமியைப்போல, பார்ப்பவர் பரிதாபப்படும்படியாகவே இருக்கலாம். அடுத்து, காட்ஸில்லா என்ற பெயரை வெளியாருக்கு உரிமம் கொடுக்கும்போது, நடந்த அணுகுண்டுச் சோதனைகளை நியாயப்படுத்தும் கதைக்கு அந்தப் பெயர் கிடைக்காது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேருங்கள். இந்த இரண்டையும் செய்யாவிட்டாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு நாங்கள் டிக்கெட் எடுத்துவிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மிரட்டாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படங்களின் தமிழ் ரசிகன்