அந்தச் செடியைப் பிடுங்காதே, மீனு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மீனுவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்வேலி ஓரத்தில் தானாக முளைத்திருப்பது ஃபாக்ஸ்குளோவ்தான். பக்கத்து வீட்டம்மா விஷச்செடி என்று சொன்னதும் உண்மைதான். இலை, பூ, விதை எல்லாமே விஷம். ஆனாலும் பிடுங்கிவிடாதே. குட்டிப்பயல் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதில் இருக்கிறான் என்பதால் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா அரை மாத்திரை போடுகிறாரே, டிகாக்சின் என்ற இதய மருந்து, அது இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வருவது. உன் தோட்டத்தில் இருப்பது ஊதாப் பூ வகை. மாத்திரைக்கு எடுப்பது, பூவில் கம்பளி மாதிரி மயிர் இருக்கும் இன்னொரு வகையின் இலையை. 1930-ல் இங்கிலாந்தில்தான் அந்த மருந்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். போன வருடம் அப்பா சோறு வேண்டாம், குமட்டுகிறது என்று படுத்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ரத்தத்தில் இந்த மருந்து கூடிப்போயிருந்தது. இதயத்தைச் சீராக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு என்று டாக்டர் அன்றைக்குத்தான் விளக்கினார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கிறேன். காலண்டரில் குறித்துக்கொள்கிறேன்.

உன் பர்மிங்காமுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அங்கே வில்லியம் விதரிங் என்று ஒரு மருத்துவர் இருந்தார். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி இருபது மூலிகை சேர்த்துக் கொடுத்த மருந்தில், வேலை செய்வது இந்த இலைதான் என்று கண்டுபிடித்தவர் அவர். பத்து வருடம் நோயாளிகளுக்கு அளந்து கொடுத்துப் பார்த்து, 1785-ல் புத்தகமாகப் போட்டார். குணமானவர்களை மட்டுமல்ல, பலிக்காமல் போனவர்களையும் எழுதி வைத்தார். எனக்கு அதனாலேயே அவர் மேல் பெரிய மரியாதை. எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் அவருடைய நினைவுக்கல்லில் இந்தப் பூவைச் செதுக்கியிருக்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வா.

சரி, செடிக்கு வருகிறேன். முதல் வருடம் தரையோடு இலை மட்டும்தான் விடும். பார்க்கக் கீரை மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதே. அடுத்த ஜூனில் ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பும். பூவைப் பார்த்தால் உனக்கு ஆயாவின் தர்மபுரிக் காட்டில் பார்த்த எள்ளுப்பூ ஞாபகம் வரும். அதையே பெரிதாக்கி, ஊதாவாக்கி, உள்ளே புள்ளி வைத்தது போல இருக்கும். கீழிருந்து மேலே பூத்துக்கொண்டே போகும். விதை விட்டதும் பெரும்பாலும் செடி செத்துப்போகும்.

இந்த செப்டம்பர் முடிவதற்குள் வேர்மண்ணோடு தோண்டி முன்வாசல் பக்கம் வைத்துவிடு. குட்டிப்பயலை அங்கே நீ தனியாக விடுவதில்லை அல்லவா? பாதி நிழல் போதும், மண் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. தொடும்போது கையுறை போட்டுக்கொள். பூவை வெட்டி ஜாடியில் வைக்காதே, அந்தத் தண்ணீரிலும் விஷம் இறங்கும். பூ விரல் நுழைகிற அளவில் இருப்பதால் அவனுக்கு ஆசை வரும், அப்போது நீ பக்கத்தில் இரு. தப்பித்தவறி ஏதாவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே. ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஒரு தண்டை மட்டும் விதைக்கு விடு. விதை தூசி மாதிரி இருக்கும். மேலே மண் போட்டு மூடாதே, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அடுத்த வருடமும் கொஞ்சம் தூவினால்தான் வருடா வருடம் பூ பார்க்கலாம்.

நானும் மொட்டைமாடியில் தொட்டி வைத்துப் பார்த்தேன். டிசம்பரில் இலை செழித்தது. தண்டு வரவே இல்லை, மார்ச் வெயிலில் வாடிப்போனது. காட்டு வகைக்கு வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். நாம் ஸ்வெட்டர் போடும் பெங்களூர்க் குளிர் அதற்குக் குளிரே இல்லை. அதனால் உன் வீட்டுப் பூவைத்தான் நான் பார்க்க வேண்டும்.

பூத்ததும் ஒருநாள் உன் காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடு. இங்கே மதியம் ஒன்றரை, அப்பா மாத்திரை போடும் நேரம். அவரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா