முக்கித் தூக்குவதை நிறுத்து, கண்ணா

அன்புள்ள கண்ணா,

தொடை இடுக்கில் வீக்கம், நின்றால் தெரிகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்று போனில் சொன்னாய். ஹெர்னியா என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வலி இல்லை என்பதற்காக ஜிம்மில் பழைய எடையையே தூக்கிக்கொண்டிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வயிற்றுத் தசையைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும் என்கிறாய். ஆகாதுப்பா. வயிற்றுச் சுவரில் ஒரு இடம் விட்டுப்போய், அந்த வழியாகக் கொழுப்போ குடலோ பிதுங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு அந்த ஓட்டை தானாக மூடாது. வயிற்றை இறுக்கிச் செய்யும் பிளாங்க் பயிற்சியை எத்தனை செய்தாலும் மூடாது.

ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழும்போது என்ன செய்கிறாய்? மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை இறுக்கி, முக்கி எழுகிறாய். அப்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் முதுகைத் தாங்குகிறது, சரி. ஆனால் சுவர் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேயும் அதுதான் தள்ளுகிறது. பெல்ட் கட்டுகிறேன் என்றாய். பெல்ட் கட்டுவதே அந்த அழுத்தத்தைக் கூட்டத்தான். தொடை இடுக்குக்கு அதனால் ஒரு காப்பும் இல்லை.

உடனே கத்தி வைத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமாக ஓடவேண்டி வந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் 10 வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடித்தான். ஆக, காத்திருக்கலாம். டாக்டர் கண்காணிப்பில் காத்திரு, தரையிலிருந்து கனத்தைத் தூக்கும் டெட்லிஃப்ட் செய்துகொண்டு அல்ல.

அதுவரை நட. கை, தோளுக்கு லேசான எடை போதும். தூக்கும்போது மூச்சை வெளியே விடு, வீக்கம் பிதுங்கினால் அங்கேயே நிறுத்து. இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய். அப்புறம், மலச்சிக்கலையும் விடாத இருமலையும் சும்மா விடாதே, அதுவும் முக்கல்தான்.

வீக்கம் கல் மாதிரி இறுகி, படுத்தும் உள்ளே போகாமல், வலியோ வாந்தியோ வந்தால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு. நீயாக அமுக்கித் தள்ளப் பார்க்காதே. ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பிக்கும்.

இந்த வாரமே சர்ஜனைப் பார். அந்த ஓட்டையில் மெஷ் என்ற வலை வைத்துத் தைத்தால் பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். எத்தனை வாரம் கழித்துக் கனமான எடையைத் தொடலாம் என்று அவரிடமே கேள், ஜிம் ட்ரெயினரிடம் கேட்காதே. தேதி முடிவானதும் சொல், நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா