வண்டிப் பட்டறைக்காரர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை: குட்டிச் சாப்பரும் மற்றவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, வேலை பழகும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

முதலில் வழக்கமான கணக்கு. செயற்குழு 11 முறை கூடியது. மாரியம்மன் நோம்பி குறுக்கே வந்ததால் ஒரு மாதம் கூட்டம் இல்லை. புதிதாக 6 பேர் சேர்ந்தார்கள், 2 பேர் தொழிலை விட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் போன வருசம் போலவே. சரி, இனி எல்லாரும் கேட்கக் காத்திருக்கிற விஷயம்.

சங்கக் கொட்டகைக்குப் பின்னால் பொடக்காலியில் பழைய இரும்பு குமிந்து கிடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட், கைப்பிடி இல்லாத ஒரு பஜாஜ் எம்80, ஆட்டோ ரிம்கள், யாருடையது என்றே தெரியாத செயின்கள். ஜூன் கூட்டத்தில் இதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான். தம்பிகள் எழுந்து, எடைக்குப் போட வேண்டாம், இதிலேயே ஒரு குட்டிச் சாப்பர் கட்டித் தருகிறோம் என்றார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய மோட்டார் சைக்கிளின் மட்கார்டையும் வேண்டாத கனத்தையும் வெட்டி எறிந்து ஓட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்து, ஹேண்டில்பாரை உயர்த்தி, அதற்கென்றே ஒரு உருவம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'சாப்' என்றால் வெட்டு, வெட்டியதால் சாப்பர். மினி பைக் வேறு கதை: புல்வெட்டும் மிஷினின் இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டிய முழங்கால் உயர வண்டி. இரண்டையும் சேர்த்தால் குட்டிச் சாப்பர்.

வேலையற்ற வேலை என்று நான் சொன்னேன். தலைவர் விடவில்லை. "பக்கத்துக் கலங்கல்லில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டினார். கார் ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டினார். நம்ம பசங்க ஒரு குட்டி வண்டி கட்டினால் குத்தமா?" என்றார். தீர்மானம் தோற்றது. சாப்பரை எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் ஒன்று என்னுடையது, குறிப்பேட்டில் இருக்கிறது.

இன்ஜின் எக்ஸ்எல் சூப்பருடையது, 69.9 சிசி. கியர் கிடையாது, தானியங்கி கிளட்ச் உள்ளேயே இருக்கிறது என்பதால் வேறு யோசனைக்கே இடமில்லை. பிஸ்டன் ரிங் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றியதும் நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. பின்னால் ஆட்டோவின் 4.00-8 டயர். எக்ஸ்எல் சக்கரத்தின் குறுக்களவு 21 அங்குலம், இது சுமார் 16. ஆக செயின் சக்கரங்களின் பல் கணக்கு மாறாவிட்டால் வேகம் முக்காலாகக் குறையும், இழுவை கூடும். பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத வண்டிக்கு அந்த வேகமே போதும்.

தொல்லை என்னவென்றால், அகலமான டயரில் செயின் உரசியது. இன்ஜினை ஒரு பக்கமாகத் தள்ளினால் வண்டி கோணிக்கொள்ளும். நடுவில் ஒரு ஷாப்ட் போட்டு, இன்ஜின் செயினை ஒரு முனையிலும் சக்கரச் செயினை மறு முனையிலும் மாட்டலாம் என்று லேத்துக்கார அண்ணன் வழி சொன்னார். ஷாப்ட், சோமனூர்ப் பக்கம் எடைக்கு வந்த விசைத்தறி ஒன்றிலிருந்து வந்தது. அந்த இரும்பின் உறுதியைச் சொல்லி மாளாது. தறி ஓடியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி ஃபோர்க். இதில் தப்பு முழுக்க என்னுடையது. எதிர்த்து ஓட்டுப் போட்டவன், வண்டி உருவாகிறதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியாமல் வெல்டிங் ராடை நானே கையில் எடுத்தேன். படத்தில் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று ஃபோர்க் திரும்பும் தலைக்குழாயைச் செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்த்து வைத்துவிட்டேன், அளக்கவே இல்லை. ஸ்டியரிங் கோட்டை அப்படியே கீழே நீட்டினால் தரையில் ஒரு இடத்தில் விழும். சக்கரம் அதற்குப் பின்னால் தரையைத் தொடும். இந்த இடைவெளிதான் ட்ரெயில். சாதாரண பைக்கில் 10 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், நேராக ஓட அது வேண்டும். நான் வைத்த சாய்வுக்கு 26 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. மேட்டாங்காட்டில் ஓட்டிப் பார்த்தபோது நேராகத் தேர் மாதிரி போனது. திருப்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன், முன் சக்கரம் தானாகவே ஒரு பக்கம் விழுந்தது, நான் கிலுவை வேலிக்குள் இருந்தேன். வீடியோ எடுத்த தம்பிக்கு இச்சபையில் என் நன்றி.

அறுத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, தூக்குக்குண்டும் நூலும் பிடித்து 35 டிகிரிக்கு மாற்றினோம். ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் பிளேட்டையும் 5 சென்டிமீட்டர் முன்னே தள்ளிக் கடைந்தோம். ட்ரெயில் 13 சென்டிமீட்டருக்குள் வந்தது. இப்போது எட்டுப் போடலாம்.

ஹேண்டில்பாருக்குப் பழைய ஜி.ஐ. தண்ணிக் குழாயை வளைத்தோம். துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டு வைத்த இரண்டு தம்பிகளுக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல். மறுநாள் சரியாகிவிட்டது என்றாலும் வெள்ளைப் புகை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். முதலில் தேய்க்க வேண்டும், கதவு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டிக்குப் பதிவு கிடையாது, ரோட்டில் ஏற்றக் கூடாது. தோட்டத்துக்குள், களத்துக்குள் மட்டும். வாடிக்கையாளர் வண்டியை இப்படி வெட்டித் தரச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே சொல்லியிருக்கிறது. உக்கடத்தில் பழைய சாமான் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம், இன்ஜின் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

மொத்தச் செலவு 6,660 ரூபாய். இதில் 1,700 இரண்டாவது ஃபோர்க்குக்கு ஆனது. அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளப் பொருளாளர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் ஒரு வார்த்தை கூட மறுக்கவில்லை. மீதி இரும்பு எடைக்குப் போய் 4,150 வரவு.

பாக்கி வேலை: முன் பிரேக் இன்னும் பிடிக்காது. பிரேக் பிளேட் சுற்றாமல் தடுக்கும் கட்டையை ஃபோர்க்கில் வைக்க இரண்டாம் முறையும் மறந்துவிட்டோம். அதை முடித்த பிறகே வண்டியை யாருக்கும் ஓட்டத் தர வேண்டும் என்று இப்பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். வண்டியை ஏலம் விடுவதா, கொட்டகையிலேயே வைப்பதா என்பதையும் இன்றே முடிவு செய்துவிடலாம்.

அப்புறம், சங்கத்து 32 ஆம் நம்பர் ஸ்பேனரும் பெரிய சி-கிளாம்பும் தை மாதத்திலிருந்து காணோம். எடுத்துப் போனவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, ராத்திரியில் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்