முடிவுகளைத் திரும்பச் சொல்வது விவாதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு தனது 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கியது. அதன் பிறகு, ஆய்வேட்டை வெளியார் ஒருவர் ஊன்றிப் படிக்கும் இடம் பெரும்பாலும் புறத்தேர்வாளரின் மேசையாகவே இருக்கிறது. அந்த மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அண்மையில் நான் படித்த ஓர் ஆய்வேட்டின் ‘முடிவுகள்’ இயலில் ஓர் அட்டவணை இருந்தது. அதற்குக் கீழே அதே எண்கள் வரிசை பிசகாமல் வாக்கியங்களாக வந்தன. இருபது பக்கம் தள்ளி, ‘விவாதம்’ இயலில், ‘இது முந்தைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது’ என்ற வாலுடன் மீண்டும் வந்தன. உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு கிடைக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் எண்ணான பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கிய இடங்களிலெல்லாம் ‘பெரும் தாக்கம்’ என்றிருந்தது. அந்த மதிப்பு விளைவின் அளவைக் காட்டுவதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது.

நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக்காட்டுவது, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையைத்தான். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர் இருவர். அந்நோய் இல்லாத 649 ஆண்களில் 27 பேர். முடிவு அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. நோயாளிகள் தம் பழக்கத்தைக் கூட்டிச் சொல்லியிருப்பார்களோ, நோய் இன்னதென்று அறிந்திருந்ததால் கேள்வி கேட்டவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்களோ என்று தமக்கு எதிரான ஐயங்களைத் தாமே எழுப்பினார்கள். புற்றுநோய் என்று கருதி விசாரிக்கப்பட்டு, பிறகு அது இல்லை என்று தெரியவந்தவர்களின் புகைப்பழக்கம் நோயற்றவர்களுடையதைப் போலவே இருந்ததைக் காட்டி, அந்த ஐயத்துக்கு விடையும் சொன்னார்கள். அதன் பின்னரே, புகைபிடித்தல் ஒரு முக்கியக் காரணி என்று எழுதினார்கள்.

நம் ஆய்வேடுகளிலோ, ‘வரம்புகள்’ என்ற தலைப்பின்கீழ்க் காலமும் பணமும் போதவில்லை என்ற புலம்பலே மிஞ்சுகிறது. மாணவர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். அட்டவணையை அப்படியே வாக்கியமாக்கி வந்தால் கையொப்பமிடும் நெறியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆய்வு முறையியல் தாளில் பக்க ஓரத்துக்கும் துணைநூற்பட்டியலுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு வாரத்தையாவது எடுத்து, ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதற்கு வேறென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று எழுதச் சொல்லிப் பல்கலைக்கழகங்கள் பயிற்சியளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.